வெசம் வெச்சவன்

சோலையப்பனுக்குச் சாமி வந்திருக்கிறது என்று சொன்னவனை இன்னாசி அடிக்கப் போனான்.

அரிமளம் கடைத்தெரு, டீக்கடை வாசல், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொன்னவன் கிளாசும் கையுமாகப் பின்னால் நகர்ந்தான்.

"என்னப்பா, நல்ல சேதி சொன்னா கைய ஓங்குறே? வேலங்காட்டுப்பட்டியே கொண்டாடுது. ஒன் கூட்டாளி கருப்பர் கோயில் வாசல்ல நின்னு வாக்குச் சொல்றான். கூட்டம் அள்ளுது."

"அவனுக்குச் சாமியும் வரல, பூதமும் வரல. ஒடம்புக்கு முடியாம வீட்டுல படுத்திருக்கான்."

"படுத்திருக்கானா? போய்ப் பாரு. ராத்திரி பகல்னு இல்லாம நின்ன எடத்துலயே நிக்கிறானாம்."

இன்னாசி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு லாரியில் ஏறினான். கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இன்னாசிக்கும் சோலைக்கும் ஒரே லாரி. கட்டுமாவடியில் கருவாட்டு மூட்டை ஏற்றி, புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் இறக்குகிற வேலை. மாதா கோயிலுக்குப் போகிற ஆவூர்ப் பக்கத்து வேதக்காரன் இன்னாசி. வேலங்காட்டுப்பட்டிக் குடியானவன் சோலை. மாறி மாறி ஸ்டியரிங் பிடிப்பார்கள். ஒரே சட்டியில் தின்று, மழை வந்தால் ஒரே தார்ப்பாய்க்குள் ஒடுங்கி, சுதந்திரம் வந்த மறு வருஷத்திலிருந்து பத்து வருஷமாக ஓட்டுகிறார்கள்.

போன மாதம்தான் அது ஆரம்பித்தது. பின்னால் வருகிற கார் தன்னைத்தான் துரத்துகிறது என்றான் சோலை. அப்புறம், மூட்டைக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். அறந்தாங்கி தாண்டி லாரியை ஓரங்கட்டி, மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் காதை வைத்துக் கேட்டான். இன்னாசி முதலில் சிரித்தான். பிறகு திட்டினான். கஞ்சாப் பழக்கமோ என்று சட்டைப் பையைத் துழாவினான். பீடியும் தீப்பெட்டியும்தான் இருந்தன. சோறு கசக்கிறது என்று சோலை இலையைத் தள்ளினான். தூக்கம் போயிற்று. கடைசியில் ஓடுகிற லாரியிலிருந்து குதிக்கப் போனவனை வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, நேரே ஊருக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி செவந்தியிடம் விட்டான் இன்னாசி. "இவன் தூங்கி எந்திரிக்கட்டும் தங்கச்சி. திருச்சி லோட எறக்கிட்டு ஓடியாறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். போன இடத்தில் லாரிக்கு ஆக்சில் முறிந்தது. பட்டறையில் கிடந்து திரும்புவதற்குள் கூட்டாளியைச் சாமியாக்கி வைத்திருக்கிறார்கள்!

வேலங்காட்டுப்பட்டி கோயில் பொட்டலில் உச்சிவெயில் கொளுத்தியது. கூட்டத்துக்கு நடுவில் சோலை. இடுப்பில் சிவப்புத் துண்டு, கழுத்தில் அரளி மாலை, கையில் வேல்கம்பு. உதடு வெடித்து ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. முழங்கால் இரண்டும் நடுங்கின. வாய் மட்டும் ஓயவில்லை. கட்டுமாவடிக் கரையில் ஏலம் கூறுகிறவனைப் போலக் கத்தினான்.

"நெத்திலி வந்துருச்சு! நெத்திலிக்குக் கண்ணு தொறந்துருச்சு! ஒரு தரம், ரெண்டு தரம்!"

முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மேகம் தொறக்குதுன்னு சொல்லுது. மழை உண்டு."

இன்னாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோலையின் அண்ணன் உடையப்பன் எதிரே வந்து கையைப் பிடித்தான். பங்காளிகளில் மூத்த தலைக்கட்டு. நெற்றி நிறைய விபூதி.

"வா இன்னாசி. தம்பியப் பாத்தியா? நாலு வருசமா நாதியத்துக் கெடந்த கோயிலு. இப்பத்தான் மூச்சு வந்திருக்கு."

விஷயம் இன்னாசிக்கும் தெரியும். பழைய சாமியாடி செத்த பிறகு அந்த இடம் காலி. இன்னொருவரை மனிதர்கள் நியமிக்க முடியாது. கருப்பரே பங்காளிகளில் ஒருவன் மேல் வந்து இறங்க வேண்டும். சாமியாடி தன் கையால் பிடிமண் எடுத்துக் கொடுத்தால்தான் மண்பாண்டம் செய்கிற வேளார் மண்குதிரை செய்வார். குதிரை இல்லாமல் புரவி எடுப்புத் திருவிழா இல்லை. புரவி எடுப்பு நின்றதால்தான் கண்மாய் வறண்டது என்பது ஊர்க் கணக்கு. இந்த நேரம் பார்த்து சோலைக்கு மூளை கலங்கியிருக்கிறது. ஊரில் ஒருவனுக்காவது சந்தேகம் வரவில்லை.

"அண்ணே, அவன் தூங்கி எத்தனை நாளாச்சு?"

"சாமி தூங்குமாப்பா?"

"சோறு?"

"வெரதம். பாலும் பழமும் நீட்டுறோம். வாங்க மாட்டேங்குது."

"வாங்க மாட்டேங்குதா? அவன் ஒங்க தம்பி அண்ணே! ஒங்க ஆத்தா வயித்துல பொறந்தவன். ஆஸ்பத்திரிக்குத் தூக்காம மாலை போட்டு வெயில்ல நிறுத்தி வெச்சிருக்கீங்க!"

உடையப்பன் கோபப்படவில்லை. அதுதான் இன்னாசிக்கு இன்னும் எரிந்தது. அயோக்கியனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இவன் மனசார நம்புகிறான்.

"ஒனக்கு இதெல்லாம் புரியாது. நீ வேதக்காரன். வர்ற வெள்ளிக்கெழமை அரிவாள் ஏறுது. வெட்டரிவா மேல நின்னு வாக்குச் சொல்லிட்டா ஊரு ஒத்துக்கும். அன்னைக்கே பிடிமண்ணு."

"நிக்கத் தெம்பில்லாம ஆடுறான், அவன அரிவாள்ல ஏத்துறீங்களா? பாதம் ரெண்டாப் பொளந்துக்கும்."

"ஆட்டம் அருளு."

"பட்டினி! அருளுமில்ல மயிருமில்ல, பட்டினி!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஓரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற செவந்தி, ஆள் மறைவில் கிட்டே வந்தாள்.

"அண்ணே, என்னைய யாருன்னு கேக்குறாரு. புள்ளையப் பாத்து, போலீஸ்காரன் அனுப்புன பொம்மைங்கிறாரு. நான் ஆஸ்பத்திரின்னு வாயத் தொறந்தா, நீ கோயில் பக்கமே வராதேன்னு வெரட்டுறாங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்க மாட்டாருண்ணே."

இன்னாசி அதற்கு மேல் நிற்கவில்லை. கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு போய், சோலையின் கையைப் பிடித்தான். கை அடுப்பிலிருந்து எடுத்த கட்டை மாதிரி சுட்டது.

"வாடா. லாரி நிக்குது. ஏறு."

சோலை அவனைப் பார்த்தான். ஒரு கணம் அடையாளம் தெரிந்தது போல முகம் இளகியது. அடுத்த கணம் அந்த முகத்தில் ஏறிய பயத்தை இன்னாசி தன் ஆயுசில் எந்த மனிதன் முகத்திலும் பார்த்ததில்லை.

"இவன்தான்!" என்று அலறினான் சோலை. "இவன்தான் சோத்துல வெசம் வெச்சவன்! மூட்டைக்குள்ள ஆள ஒளிச்சு வெச்சவன்! எம்மண்டைக்குள்ள கம்பிய விட்டவன் இவன்தான்!"

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. தெளிந்தபோது கிடா கட்டுகிற கல்தூணில் கையைப் பின்னால் வளைத்துக் கட்டியிருந்தார்கள். சட்டை கிழிந்து, வாயில் உப்புக் கரித்தது.

அடித்தவர்கள் மேல் வந்ததைவிட சோலை மேல்தான் அவனுக்கு ஆத்திரம் வந்தது. பத்து வருஷம் ஒரே சட்டியில் தின்ற பயல்! காய்ச்சலில் கிடந்தபோது தன்னை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் லாரி ஓட்டியவனைப் பார்த்து வெசம் வெச்சவன் என்கிறானே! வியாதிதான் பேசுகிறது என்று புத்திக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குத் தெரிந்தால்தானே?

"சாமியே காட்டிக் குடுத்துருச்சு."

"கருப்பர் வாக்கு பொய்க்குமா?"

கூட்டத்தில் ஆளுக்காள் இதையே சொன்னார்கள். கேட்கக் கேட்க இன்னாசிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வியாதி என்று தொண்டை கிழியக் கத்தினாலும் இவர்கள் கேட்கப் போவதில்லை. இவர்கள் கேட்பது ஒரே ஒருவன் பேச்சைத்தான். அவன் பேச்சு பொய்க்காது என்றால்...

"ஆமாடா!" என்றான் இன்னாசி. "வெச்சேன்!"

உடையப்பன் அருகில் வந்தான்.

"என்னது?"

"காது செவிடா? சாமி சொன்னது சத்தியம். சோத்துல வெசம் வெச்சது நான்தான். மொதலாளி அவனுக்குத் தனி லாரி குடுக்கப் போறான்னு பொறாம. கொஞ்சங் கொஞ்சமா ஏறுற வெசம். தூக்கம் போகும், சோறு கசக்கும், ஒதடு வெடிக்கும். பாருங்கடா, வெடிச்சிருக்கா இல்லையா? அடுத்தாப்புல கொடலு அழுகும். வெள்ளிக்கெழம அரிவாள்ல ஏற ஆளு இருக்க மாட்டான்."

பின்னாலிருந்து ஒரு இளவட்டம் கேட்டான்: "சாமிக்கு எப்படிய்யா வெசம் ஏறும்?"

"சாமிக்கு ஏறாதுடா, ஒடம்புக்கு ஏறும். ஒடம்பு போயிட்டா ஒங்க கருப்பர் எதுல வந்து எறங்குவாரு? ஒன் தலையிலயா? புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில முறிவு மருந்து இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள போகணும். இல்ல, இங்கேயே சாகட்டும்னு விடுங்க. நாளைக்குப் போலீஸ் வந்தா ஊரே சாட்சி. வெசம்னு தெரிஞ்சும் வேடிக்கை பாத்த ஊருன்னு அள்ளிக்கிட்டுப் போவான்."

உடையப்பன் முகத்தில் வியர்வை வழிந்தது. விஷம் இல்லை என்றால் சாமி வாக்குப் பொய். விஷம் உண்டு என்றால் ஆஸ்பத்திரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இன்னாசி செவந்தியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். கண் கொட்டுகிற நேரம்தான். அவள் பிள்ளையைப் பக்கத்திலிருந்தவளிடம் தள்ளிவிட்டு, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"பாவி! அண்ணே அண்ணேன்னு சோறு போட்டேனேடா! என் தாலிய அறுக்க வந்தியா? மச்சான், நின்னு பாக்குறீங்களே! கொண்டுபோங்க, எம்புருசன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க! இல்லைன்னா இந்தக் கல்லுலயே மண்டைய ஒடச்சுக்குவேன்!"

சொல்லிவிட்டு இன்னாசியின் முகத்தில் காறித் துப்பினாள். நிஜமாகவே துப்பினாள்.

அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. நாலு பேர் சோலையை அமுக்கித் தூக்கி லாரியின் பின்னால் ஏற்றினார்கள். அவன் கடித்தான், உதைத்தான். கருவாட்டு வாடையில் அவன் அலறல் இன்னும் உச்சத்துக்குப் போயிற்று. எல்லாரும் ஏறியாயிற்று. அப்புறம்தான் ஒருவருக்கொருவர் முழித்தார்கள்.

"யாரு ஓட்டுறது?"

அங்கே இருந்தவர்களில் லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் சாமியாகி மேலே கிடக்கிறான். மற்றவன் கிடாத்தூணில்.

"கையக் கட்டிப்போட்டா ஸ்டியரிங்க ஒங்கப்பனா பிடிப்பான்? அவுத்து விடுங்கடா!" என்று இன்னாசி கத்தினான்.

அவிழ்த்தார்கள். உடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டரிவாளை அவன் விலாவில் வைத்தான்.

"வேற பாதையில திருப்புனே, சொருகிருவேன்."

"சொருகு. லாரி பனையில மோதும், நீயும் வருவே. ஓட்ட விடுடா."

அதுவரை அண்ணே என்று அழைத்த வாய். லாரி செம்மண் பாதையில் எகிறிக் குதித்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அரிவாள் நுனி சட்டையைத் தாண்டி விலாவைக் கீறியது. பின்னால் சோலை இன்னமும் அவன் பெயரைச் சொல்லியே கத்திக்கொண்டு வந்தான். வழி நெடுக, தெருவில் நின்றவர்களெல்லாம் கேட்டார்கள்: இன்னாசி வெசம் வெச்சான், இன்னாசி வெசம் வெச்சான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சோதித்துப் பார்த்தார். கண்ணைப் பிரித்தார், நாக்கைப் பார்த்தார், செவந்தியைத் தனியாகக் கூப்பிட்டு நெடுநேரம் விசாரித்தார். ஊசி போட்ட பிறகு சோலை தூங்கினான். வாரக்கணக்கில் மூடாத கண் மூடியது. செவந்தி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெஷமெல்லாம் இல்லை" என்றார் டாக்டர். "புத்தி பேதலிச்சிருக்கு. டைபாயிடு மாதிரி இதுவும் ஒரு வியாதி. இங்கே வைக்க முடியாது. மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி மெட்ராஸுக்கு அனுப்பணும். அங்கே இதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு. இன்னும் நாலு நாள் இப்படியே விட்டிருந்தா நீர் வத்தியே செத்திருப்பான்."

உடையப்பன் இன்னாசி பக்கம் திரும்பினான். "அப்ப நீ சொன்னது?"

"பொய். ஒன் தம்பி சொன்னதும் பொய். அவன் சொன்னது வியாதி, நான் சொன்னது வேற வழியில்லாம."

"கோயிலு கோயிலுன்னு நாலு வருசம் ஏங்கிக் கெடந்தோம். வந்த சாமிய ஊசி போட்டு எறக்கிட்டியேடா. நீ வெசம் வெச்சவன்தான்டா. இதவிட என்ன வெசம் வேணும்?"

"வெள்ளிக்கெழம அரிவாள்ல ஏத்திக் கொன்னுட்டு, சாமி திரும்பப் போயிருச்சுன்னு பொங்கல் வெச்சிருப்பே. போ, அங்கிட்டுப் போ!"

விஷ கேஸ் என்று வந்த ஏட்டு, பொய் என்று தெரிந்ததும் இன்னாசியின் கன்னத்தில் ஒன்று விட்டார். "சர்க்கார விளையாட்டுக்கு இழுக்குறியா?" ராத்திரி லாக்கப்பில் வைத்து, விடிந்ததும் விரட்டிவிட்டார். வாசலில் அவன் ஆத்தா ஜெபமாலையம்மாள் நின்றாள். அவள் பங்குக்கு ஒரு யோசனை வைத்திருந்தாள்.

"கோட்டி பிடிச்ச பயலுக்காக அடி வாங்குனியாக்கும்? அந்தோணியார் கோயில்ல சங்கிலி போட்டு ஒன்பது செவ்வாக்கெழம வெச்சா எல்லாம் ஓடிரும்ல?"

"ஆத்தா, ஒனக்கும் வேலங்காட்டுப்பட்டிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? அவன் மாலை போடுறான், நீ சங்கிலி போடச் சொல்றே. யாராச்சும் அவனுக்கு மருந்து போடுங்க."

மாஜிஸ்திரேட் முன்னால் செவந்தி நின்று, ஆமாம் என் புருஷன், ஆமாம் நான்தான் உத்தரவு கேட்கிறேன் என்று குரல் நடுங்காமல் சொன்னாள். புகுந்த வீட்டுக் கதவு அன்றே சாத்தப்பட்டது. பிள்ளையோடு திருக்கோகர்ணத்தில் ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். ரயிலில் ஒரு போலீஸ்காரர், தூக்க மருந்தில் சோலை, அவனைத் தாங்கியபடி இன்னாசி. விழிக்கும்போதெல்லாம் சோலை அவனைத் தள்ளிவிட்டான். தள்ளத் தள்ள இவன் தாங்கினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

திரும்பி வந்து கட்டுமாவடிக்குப் போனபோது, மூட்டை ஏற்ற யாரும் முன்வரவில்லை. வியாபாரிகள் மொத்தமாக முதலாளியிடம் சொல்லிவிட்டார்களாம்: வாயில வெக்கிற சரக்கு, வெசம் வெச்சவன் வண்டியில ஏத்த மாட்டோம்.

"அது பொய்யின்னு டாக்டரே சொல்லிட்டாரு மொதலாளி."

"எனக்குத் தெரியுதுடா. கருவாடு வாங்குறவனுக்குத் தெரியணுமே?"

இன்னாசி லாரிச் சாவியை மேஜையில் எறிந்துவிட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினான். அங்கே செங்கல் லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள். யாரும் ஊரைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆரம்பத்தில் சோலை பார்க்கவே மறுத்தான். தலையில் கரண்ட் வைத்த வாரங்களில் யாரென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு மாத்திரை. கை நடுங்கியது, உடம்பு ஊதியது, பேச்சு குழறியது. ஆனால் மூட்டைக்குள் கேட்ட குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போயின. பிள்ளை பெயரைச் சொன்னான். செவந்தி வந்தபோது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இன்னாசி கொண்டுபோகிற சாப்பாட்டை மட்டும் தொட மாட்டான். தோல் உரிக்காத வாழைப்பழம், ஓடு உடைக்காத அவித்த முட்டை, இவ்வளவுதான் வாங்குவான். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். இன்னாசி ஒரு கவளம் தின்று காட்டுவான். அப்போதும் மாட்டான். மிச்சத்தை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் திட்டிக்கொண்டே போவான் இன்னாசி. அடுத்த ஞாயிறு மறுபடியும் சோறு கட்டுவான். ஒரு வேளை விட்டாலும் தான் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்பது மாதிரி.

வெயில் இறங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை. மரத்தடி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். செவந்தி சொல்லி அனுப்பிய சேதியை இன்னாசி சொன்னான்: சாமி இன்னொரு பங்காளி மேல் இறங்கிவிட்டதாம், புரவி எடுப்பு நடந்ததாம்.

"மழை பேஞ்சுச்சா?"

"பேஞ்சா எனக்கென்ன, பேயாட்டி எனக்கென்ன? எவனாவது நீ இருக்கியா செத்தியான்னு கேட்டானா?"

சோலை பெஞ்சின் சிராயைப் பிய்த்தான்.

"நீ வெசம் வெக்கலன்னு டாக்டரு சொல்றாரு."

"நீ என்ன சொல்றே?"

"தெரியலடா."

இன்னாசிக்குக் காது சூடாயிற்று. பெஞ்சை விட்டு எழுந்துவிட்டான்.

"தெரியலையா? ஒன்னால ஊரு போச்சு. வேலை போச்சு. விலாவுல அரிவா பட்ட வடு இன்னும் இருக்கு, பாக்குறியா? எங்காத்தாளுக்கே நான் பைத்தியம். ஒம்பொண்டாட்டி மொகத்துல துப்பினா, அதையும் தொடச்சுக்கிட்டேன். தெரியலங்குறே! என்னதான்டா தெரியும் ஒனக்கு?"

காவலாள் திரும்பிப் பார்த்தான். சோலை தலை குனிந்தபடி, நடுங்குகிற விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெசமாத் தெரியலடா. ஒரு நா நீ வெச்சேன்னு தோணுது, ஒரு நா நீ வெக்கலன்னு தோணுது. பொய் சொல்லவா?" பிறகு பொட்டலத்தைப் பார்த்தான். "ஆனா பசிக்குது."

இன்னாசி குனிந்து பிரிப்பதற்குள், சோலையே இழுத்துப் பிரித்தான். புளிச்சோறு. இன்னாசி வழக்கம் போல முதல் கவளத்துக்குக் கை நீட்டினான். சோலை அவன் கையைத் தட்டிவிட்டு, நடுக்கத்தில் பாதி சிந்த, ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். மென்றான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"உப்பு பத்தலடா" என்றான்.

"தின்னுத் தொலை!" என்று கத்தினான் இன்னாசி. "உப்பு பத்தலையாம்! நான் என்ன ஒம்பொண்டாட்டியா?"

கத்திவிட்டு, சோலையின் சட்டையில் சிந்திக் கிடந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான். கோபம் தீரவில்லை, தட்டுகிற கை கொஞ்சம் பலமாகத்தான் பட்டது. சோலை அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வாய்க்கு அள்ளினான்.